அப்பா விட்டுப்போன வானொலி அட்டைகள்

கேள்வி: சென்ற ஆண்டு எண்பத்திரண்டு வயதில் காலமான என் அப்பா, பொழுதுபோக்காகச் சொந்த வானொலிக் கருவியில் உலகெங்கும் உள்ளவர்களோடு பேசும் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருந்தவர். 1967 முதல் 1992 வரை, அப்படிப் பேசியதை உறுதிசெய்து வெளிநாட்டு ஹாம்கள் அவருக்கு அனுப்பிய அட்டைகள் மூன்று பிஸ்கெட் டின்கள் நிறைய இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், ஏறத்தாழ ஆயிரத்து நானூறு. யாரோடு எப்போது பேசினார் என்று அவர் குறித்துவைத்த லாக் புக்குகளும் இருக்கின்றன. பழம்பொருள் வியாபாரி ஒருவர் அட்டைக்கு எட்டு ரூபாய் என்று மொத்தமாகக் கேட்கிறார்; கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் தபால்தலை சேர்ப்பவன், அதற்குள் இருபது அட்டைகளைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டான். எனக்கோ இவற்றைப் பார்க்கப் பார்க்க மேலும் சேர்க்கும் ஆசை வந்துவிட்டது. 1943ஆம் ஆண்டு அமெரிக்க ஹாம் அட்டை ஒன்றை ஒருவர் 2,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? இன்னொன்று: சில அட்டைகளில் பெண்கள் ‘88’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அது என்ன என்று அம்மா கேட்கிறார்.
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதல் வேலையாக, உங்கள் மகனிடமிருந்து அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தை வாங்கி வைத்துவிடுங்கள். திட்ட வேண்டாம். பள்ளிக்கூட நாட்களில் பக்கத்து வீட்டு ஹாம் ஒருவர் ஆசையாகக் கொடுத்த பதினோரு அட்டைகளில் தபால்தலை இருந்த மூலையை மட்டும் வெட்டிக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டவன் நான். அவற்றில் ஒன்று பசிபிக் கடலின் நடுவிலுள்ள சின்னஞ்சிறு பிட்கெர்ன் தீவிலிருந்து வந்தது. தலையை வைத்துக்கொண்டு உடலை எறிந்துவிட்டேன் என்பது புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஊறிய இருபதையும் அச்சில்லாத வெள்ளைத்தாள்களுக்கு நடுவில் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தாள்களை நாளுக்கு இரண்டு முறை மாற்றுங்கள். வெயிலில் காயவைப்பதோ இஸ்திரி போடுவதோ கூடாது. பேனா மை கரைந்து ஓடியிருந்தால் அது போனதுதான்.

தபால்தலை ஒட்டிய அட்டைகள் உங்கள் டின்களில் குறைவாகவே இருக்கும். பெரும்பாலானவை தபாலில் தனியாக வந்திருக்காது. பல நாடுகளில் ஹாம் சங்கம் ஒரு ‘பீரோ’ நடத்தும்; உறுப்பினர்கள் எழுதும் அட்டைகளையெல்லாம் திரட்டி, நாடுவாரியாகப் பிரித்து, பொட்டலமாகக் கட்டி அனுப்பும். பேசியது ஜனவரியில், அட்டை வருவது அடுத்த ஆண்டு தீபாவளிக்கு என்று ஆகும். ஆனால் செலவு குறைவு. ஆகவே தலையில்லாத அட்டையை மட்டமாக நினைக்க வேண்டாம். தலையோடு வந்தவற்றுக்கு வேறு சிறப்பு உண்டு: அதன்மேல் விழுந்த அஞ்சல் முத்திரை, அட்டையில் எழுதிய தேதிக்குச் சாட்சி. அதைப் பிய்த்தால் சாட்சியைக் கலைப்பதாகும்.

வியாபாரிக்கு இப்போது ஒன்றும் கொடுக்காதீர்கள். ஆயிரத்து நானூறு அட்டைக்கும் ஒரே விலை சொல்கிறவர் ஒன்று எதையும் பார்க்காதவராக இருக்க வேண்டும், அல்லது எதையோ நன்றாகப் பார்த்துவிட்டவராக இருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், எழுபதுகளின் அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானிய அட்டைகள் மலிவானவைதான். உலகெங்கும் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. விலை போவது மறைந்துபோன இடங்களின் அட்டைகள். கால் சைன் எனப்படும் அழைப்புக்குறியின் முதல் எழுத்துகளைப் பார்த்தாலே நாடு தெரிந்துவிடும். உங்கள் அப்பாவின் காலத்தில் ஏ.சி.3 என்று தொடங்கியிருந்தால் அது சிக்கிம். 1975இல் இந்தியாவோடு இணையும்வரை ஹாம்களின் கணக்கில் அது தனி நாடு. அதன் மன்னர் பால்டன் தொண்டுப் நம்கியாலே ஒரு ஹாம். ஏ.சி.3.பி.டி. என்பது அவருடைய குறி. டி.எம். என்று தொடங்குபவை கிழக்கு ஜெர்மனி. ஜே.ஒய்.1 என்று மட்டும் இருந்தால் ஜோர்டானின் மன்னர் ஹுசைன். இதைக் கண்டதும் கோடி ரூபாய் என்று துள்ள வேண்டாம். மனிதர் ஆசையாகப் பலரோடு பேசி அட்டையும் அனுப்பியவர்.

ஒரு எச்சரிக்கை. சோவியத் யூனியன் அட்டைகள் கட்டுக்கட்டாக இருக்கும், பலவற்றில் ‘பெட்டி எண் 88, மாஸ்கோ’ என்ற ஒரே முகவரிதான் இருக்கும். ஒரே ஆள் அனுப்பியவை என்று நினைத்துத் தம்பி கழித்துவிடப் போகிறார். தாஷ்கண்டில் இருந்தவரும் கீவில் இருந்தவரும் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் வெளியுலகத்துக்கு அட்டை அனுப்பினார்கள். முகவரியைவிட்டு, கால் சைனைப் பாருங்கள்.

இனி அந்த 1943. வாங்காதீர்கள். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும் அமெரிக்க அரசு ஹாம்களின் வாயைக் கட்டிவிட்டது; 1945இல்தான் மறுபடி பேசவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு அமெரிக்க ஹாம், இன்னொரு ஹாமோடு பேசி அதை உறுதிப்படுத்தி அட்டை அனுப்பியிருக்க வழியில்லை. விற்கிறவர் பொய்யர் என்று சொல்லமாட்டேன். மசிந்துபோன 8, 3 ஆகத் தெரிந்திருக்கலாம். 1948 என்றால் அந்த விலைக்கு அது சாதாரண அட்டை. அமெரிக்க அட்டைகளுக்கு இப்படி இன்னும் சில உரைகற்கள் உண்டு. முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் அட்டை 1963 ஜூலைக்குப் பிந்தையது. கால் சைன் எழுத்தில் தொடங்காமல் எண்ணில் தொடங்கினால், டபிள்யூ, கே என்ற முன்னெழுத்துகள் வந்த 1928 அக்டோபருக்கு முந்தையது. அப்படியொன்று மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். எந்த நாட்டு அட்டையானாலும் ‘ஆர்.எஸ்.டி.’ என்ற கட்டம் அச்சாகியிருந்தால் அது 1934க்கு முன் இருக்க முடியாது. சிக்னலின் தெளிவு, பலம், மோர்ஸ் ஒலியின் சுத்தம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடும் அந்த முறையே அந்த ஆண்டில்தான் வந்தது. அலைவரிசையை மெகாசைக்கிள் என்று போட்டிருந்தால் பழையது, மெகாஹெர்ட்ஸ் என்றால் பிந்தையது. இருபதுகளின் அட்டை என்று சொல்லி மெகாஹெர்ட்ஸைக் காட்டிய ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அட்டை அனுப்பும் இந்த வழக்கம் எப்படி வந்தது என்று உங்கள் மகன் கேட்டால் சொல்லுங்கள். கப்பல்களும் கரை நிலையங்களும் தந்தியில் நீட்டி முழக்காமல் பேசுவதற்காகக் கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்குகளை வைத்திருந்தன. அதில் கியூ.எஸ்.எல். என்றால் ‘கிடைத்தது, உறுதி செய்கிறேன்’. அதனால் இவற்றுக்குக் கியூ.எஸ்.எல். அட்டை என்றே பெயர். 1916இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் இருந்த ஒரு ஹாம், பிலடெல்பியாவில் இருந்தவருக்கு அனுப்பிய அட்டையைத்தான் முதல் அட்டையாகச் சொல்வார்கள். பிறகு பரிசுகள் வந்தன. நூறு நாடுகளோடு பேசினேன் என்று அமெரிக்க ஹாம்களின் சங்கமான அமெரிக்க ரேடியோ ரிலே லீக்கிடம் சான்றிதழ் கேட்டால், அப்போது நூறு அட்டைகளைக் காட்ட வேண்டியிருந்தது. நேரில் பார்க்காத மனிதரோடு காற்றில் பேசியதற்கு வேறு என்ன ஆதாரம்? அதனால்தான் அரிய தீவுகளுக்கு எழுதும்போது, அந்த ஊர்த் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் பதில் கூப்பனும், சில சமயம் ஒரு டாலர் நோட்டும் உறைக்குள் போகும். அந்த நோட்டுக்கு ஹாம்கள் வைத்த பெயர் ‘பச்சைத் தபால்தலை’.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 73 என்றால் தந்திக்காரர்களின் பழைய சுருக்கில் ‘அன்பான வணக்கம்’. 88 என்றால் ‘அன்பும் முத்தங்களும்’. அம்மாவிடம் இதைச் சொல்லும்போது பின்வருவதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: ஹாம் உலகில் பெண் ஹாமோடு பேசி முடித்தால் 88 போடுவது வெறும் மரியாதை. எண்பது வயதுப் பாட்டியானாலும் அங்கே அவர் ‘யங் லேடி’தான், பதினாறு வயதுப் பையனும் ‘ஓல்டு மேன்’தான். அப்பாவை எத்தனை பேர் ஓல்டு மேன் என்று விளித்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்குக் காட்டுங்கள், கணக்கு நேராகிவிடும்.

அடுத்து, அடுக்கும் முறை. எல்லோரும் நாடுவாரியாகத்தான் அடுக்குவார்கள். நீங்கள் ஒரே ஒரு முறையாவது தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். அட்டைகள் ஒரே சீராகப் பரவியிருக்காது. 1968, 69இல் ஒரு குவியல், 1979 முதல் 81 வரை பெரிய குவியல், 1989க்குப் பிறகு இன்னொன்று. 1976ஐயும் 1986ஐயும் ஒட்டி வெறிச்சென்று இருக்க வாய்ப்பு அதிகம். அது உங்கள் அப்பாவின் சோம்பல் இல்லை, சூரியனின் வேலை. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. கூடும் ஆண்டுகளில் வானத்தின் மேலடுக்கிலுள்ள அயனிமண்டலம் சிற்றலையின் உயர் அலைவரிசைகளை நன்றாக மடக்கிப் பூமிக்கு அனுப்பும். 28 மெகாஹெர்ட்ஸில் மொட்டைமாடிக் கம்பி ஒன்றும் சிறிய டிரான்ஸ்மிட்டரும் இருந்தால் ஈரோட்டிலிருந்து பிரேசில்வரை கேட்கும். குறையும் ஆண்டுகளில் அதே அலைவரிசையில் நாள் முழுக்க இரைச்சல் மட்டும்தான். ஒரு நடுத்தர வீட்டு பிஸ்கெட் டின்னில் மூன்று சூரியச் சுழற்சிகள் பதிவாகிக் கிடக்கின்றன. எட்டு ரூபாய் வியாபாரிக்கு இது தெரியாது. சூரியன் நன்றாக இருந்த ஆண்டிலும் குவியல் இல்லையென்றால் அம்மாவிடம் கேளுங்கள். திருமணமோ, பணியிட மாற்றமோ, நீங்கள் பிறந்ததோ காரணமாக இருக்கும்.

லாக் புக்கோடு ஒப்பிடும்போது ஒரு குழப்பம் வரும். அட்டையில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும். அப்பா நம் நேரத்தில் எழுதியிருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பாருங்கள். அவர் 15ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்குப் பேசியது, எதிராளியின் அட்டையில் 14ஆம் தேதி 19.30 என்றுதான் இருக்கும். தேதி பொருந்தவில்லை என்று அட்டையை ஒதுக்கிவிடாதீர்கள். லாக் புக்கையும் அட்டைகளையும் ஒருபோதும் பிரித்து விற்காதீர்கள், கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. லேமினேஷன், செல்லோடேப், ரப்பர் பேண்ட், ஜெம் கிளிப் நான்கும் எதிரிகள். பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து மையைத் தூக்கிவிடும். பாலிப்ரோப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். டின்கள் துருப்பிடிக்கும், அட்டைப்பெட்டிக்கு மாற்றி, சுவரை ஒட்டாமல் உயரத்தில் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடலாம், அட்டையில் படாமல். டின்னுக்குள் வானொலி நிலையங்கள் நேயர்களுக்கு அனுப்பிய வண்ண அட்டைகளும் கலந்திருக்கும். அவை வேறு குடும்பம், தனியே வையுங்கள். படமெடுத்து இணையத்தில் போடும்போது முகவரியை மறையுங்கள். அந்த வீட்டில் இன்னும் யாராவது இருப்பார்கள்.

புதிதாகச் சேர்க்க ஆசை என்கிறீர்கள். நம் பக்கத்து இடங்களிலிருந்து தொடங்கலாம். எஃப்.என்.8 என்பது பிரெஞ்சு இந்தியா, அதாவது புதுச்சேரி, காரைக்கால் பகுதி. 1954 நவம்பரில் அது நம் வசமானதும் அந்தக் குறியும் போனது. வி.எஸ்.7 என்பது பழைய சிலோன், இப்போது 4எஸ்7. ஏ.சி.4 திபெத். சாம்டோவில் திபெத் அரசுக்கு வானொலி நடத்திய ராபர்ட் ஃபோர்டு அங்கிருந்து ஹாம்களோடும் பேசுவார். 1950 அக்டோபரில் சீனப் படை அவரைப் பிடித்துக்கொண்டு போய், ஏறத்தாழ ஐந்தாண்டு சிறையில் வைத்தது. அவர் குறி ஏ.சி.4.ஆர்.எஃப். அந்த அட்டை கிடைத்தால் விலை பேசும் முன் எனக்கு ஒரு தந்தி, மன்னிக்கவும், ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இவற்றில் எதையும் முதலில் தேட மாட்டேன். அந்த மூன்று டின்களிலும் அப்பா எழுதியது ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எல்லாம் அவருக்கு வந்தவை. அவர் எழுதியவை, உள்ளூர் அச்சகத்தில் டிரெடில் இயந்திரத்தில் அடித்து, ராத்திரி உட்கார்ந்து நிரப்பி அனுப்பியவை, ஒசாகாவிலும் ஒடெசாவிலும் ஓஹையோவிலும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவற்றைத் தேடுங்கள். லாக் புக்கில் யாருக்கு அட்டை அனுப்பினார் என்று அநேகமாக டிக் போட்டிருப்பார். அதுவே உங்கள் பட்டியல். வியன்னாவில் வானொலிக்கென்று ஒரு ஆவணக் காப்பகம் இருக்கிறது; மறைந்த ஹாம்களின் அட்டைச் சேகரிப்புகளை வாங்கி வைப்பது அதன் பணி, அங்கே எழுதிக் கேளுங்கள். பழைய அட்டை விற்பவர்களிடம் நாட்டைச் சொல்லிக் கேட்காமல் கால் சைனைச் சொல்லிக் கேளுங்கள். மறைந்த ஹாமை அவர்கள் ‘சைலண்ட் கீ’ என்பார்கள். சைலண்ட் கீயின் மகள் தேடுகிறார் என்று தெரிந்தால் பலர் காசு வாங்காமலே அனுப்பிவிடுவார்கள்.  அலமாரியின் அடித்தட்டையும் பாருங்கள். நிரப்பாத அட்டைகள் ஒரு கட்டு எப்படியும் மிஞ்சியிருக்கும்.

நான்கு பக்கக் கடிதத்தில் டின்களின் பிராண்டுகூட எழுதியிருக்கிறீர்கள், அப்பாவின் கால் சைனை எழுதவில்லை. நம் நாட்டுக் குறியான வி.யூ.2க்குப் பின்னால் என்ன எழுத்துகள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். என்னிடமும் நான்கு பெட்டிகள் இருக்கின்றன, பார்த்துவிடுகிறேன்.