ஜூலையிலேயே கை ஓயும் பிட்சர்: மூன்றாவது ஆளை வாங்கும் முன்

கேள்வி: அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் போட்டியான நேஷனல் லீக்கின் 1884 சீசனை அடிப்படையாக வைத்து எட்டு நண்பர்கள் கணினியில் ஒரு பேஸ்பால் லீக் நடத்துகிறோம். என் முதல் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜூன் முடிவதற்குள் களைத்துவிடுகிறார், ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால் ஜூலையில் ஐந்தாவதைத் தாண்டுவதே இல்லை. பிராவிடன்ஸ் அணியின் பிட்சர் ராட்போர்ன் அந்த வருஷம் 678 இன்னிங்ஸ் வீசினாரே, என் ஆளால் மட்டும் ஏன் முடியவில்லை? மூன்றாவதாக ஒரு பிட்சரை வாங்கச் சொல்லி ஒருவர் பேரம் கொண்டுவந்திருக்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். முதலில் உங்கள் லீக்கின் ஆட்ட அட்டவணையைத் திறந்து பாருங்கள். இதே புகாரோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோருக்குக் கோளாறு காலண்டரில்தான் இருக்கிறது.

1884-ல் நேஷனல் லீக் அணிக்கு 112 ஆட்டங்கள். மே மாதம் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை நடந்தன, ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே கிடையாது. வகுத்துப் பார்த்தால் வாரத்துக்கு ஐந்துகூட வராது. இரண்டு பிட்சர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு இரண்டோ மூன்றோ, அவ்வளவுதான். மென்பொருள் தானாகப் போட்டுத்தரும் அட்டவணையோ இன்றைய லீக்குகளைப் பார்த்துச் செய்தது, அதே 112 ஆட்டங்களை நாள் தவறாமல் அடுக்கி ஆகஸ்டிலேயே முடித்துவிடும். ஓய்வு நாளைப் பிடுங்கிவிட்டு அந்தக் காலத்து இன்னிங்ஸை மட்டும் கேட்டால் எந்தக் கை தாங்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று ஒரு பட்டனை வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக வைக்கத் தோன்றவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

அடுத்து மென்பொருளின் களைப்புக் கணக்கு. இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒரே ஆட்டத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்பது ஒன்று, ஆட்டம் முடிந்ததும் எவ்வளவு சீக்கிரம் மீள்கிறார் என்பது இன்னொன்று. நிறைய பேர் முதலாவதை மட்டும் ஏற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள், ஆள் ஒன்பது இன்னிங்ஸும் வீசுவார், அப்புறம் நான்கு நாள் எழுந்திருக்க மாட்டார். இரண்டையும் ஏற்றுங்கள். அன்று பிட்சர் நின்ற கட்டம் பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து 50 அடி தூரத்தில் இருந்தது, பந்து உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று பேட்டரே கேட்டு வாங்கலாம். அதனால் ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சோடு வீசவில்லை, அடிக்கவிட்டுப் பிடிக்கவைப்பதுதான் வழக்கம். ஆனால் பெரும்பாலும் கையுறை இல்லாத ஃபீல்டர்கள் நிறைய தவறவிடுவார்கள், பேட்டர்கள் கூடுதலாக வந்துகொண்டே இருப்பார்கள், பந்தை எண்ணிக் களைப்பைக் கூட்டும் இன்றைய கணக்கு ஐந்தாவது இன்னிங்ஸிலேயே உங்கள் ஆளை வீழ்த்திவிடும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

இப்போது ராட்போர்ன். எல்லாரும் அவரைத்தான் காட்டுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவர் அந்த வருஷத்தைத் தனி ஆளாகத் தொடங்கவில்லை. பிராவிடன்ஸ் அணியில் சார்லி ஸ்வீனி என்ற இன்னொரு பிட்சர் கூடவே இருந்தார், ஜூலையில் ஸ்வீனி அணியை விட்டுப் போன பிறகுதான் மீதி ஆட்டங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ராட்போர்ன் தோளில் சுமந்தார். சீசன் முடிந்தும் விடவில்லை, போட்டி லீக்கின் சாம்பியனான நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸ் அணியோடு அடுத்தடுத்த மூன்று நாளும் அவரே வீசி மூன்றையும் ஜெயித்தார். சரி, அடுத்த வருஷம்? 1885-ல் சுமார் 445 இன்னிங்ஸ், வெற்றி பாதிக்கும் கீழே போய் 28-ல் நின்றது. வில் வைட் என்ற இன்னொரு பிட்சரைப் பாருங்கள், 1879-ல் சின்சினாட்டிக்கு 680 இன்னிங்ஸ் வீசினார், 1881-ல் வீசியது இரண்டே ஆட்டம். ஆக, ராட்போர்ன் செய்தது நடக்கக்கூடியதுதான், ஆனால் ஆள் போனதால் வந்த அவசரத்தில், பாதி சீசனுக்கு, அடுத்த வருஷத்தை விலையாகக் கொடுத்து நடந்தது. முதல் நாளிலிருந்தே அதைத் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பேரம் கொண்டுவந்த அந்த ஆளுக்கு வருகிறேன். ஜூலையில் லீக்குக்கு லீக் ஒரு தரகர் முளைப்பார். அவர் அணி நடத்த மாட்டார், இரண்டு அணிகளுக்கு நடுவில் நின்று பேசிவைத்து, பதிலுக்கு அடுத்த வருஷம் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒன்றைத் தனக்கு வேண்டிய அணிக்கு ஒதுக்கிக்கொள்வார். காட்டுவது போன மாதம் வரையிலான வெற்றி தோல்வி எண்ணிக்கை, காட்டாதது இதுவரை வீசிய இன்னிங்ஸ். நானே ஒரு முறை அப்படி ஒருவரை வாங்கினேன், வந்து மூன்றாவது ஆட்டத்தில் தோள் போனது. பிட்சரை வாங்கினால் இன்னிங்ஸையும் கடைசிப் பத்து ஆட்டங்களின் தேதியையும் கேளுங்கள், தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் ஏற்றுவதற்கென்று பணத்துக்கு விற்கும் "திருத்தப்பட்ட 1884 கோப்பு" எதையும் தொடவும் வேண்டாம், நான் பார்த்தவற்றில் வீரர் பெயர்களைத் தவிர வேறெதையும் திருத்தியிருக்கவில்லை.

மூன்றாவது ஆளுக்குப் பதில் இரண்டாவது ஆளை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். பாஸ்டன் அணி அதே 1884-ல் தன் இரு பிட்சர்களில் பஃபின்டனுக்கு 587, விட்னிக்கு 336 இன்னிங்ஸ் என்று பிரித்தது. வீசாத சில நாட்களில் இருவரும் மற்ற இடங்களில் நின்று ஆடினார்கள். இது முக்கியம், ஏனென்றால் அன்றைய விதிப்படி காயமோ நோயோ இல்லாமல் வெளியிலிருந்து ஆள் இறக்க முடியாது, 1891-ல்தான் தாராளமாக மாற்ற அனுமதி வந்தது. களத்தில் ஏற்கெனவே நிற்பவரோடு இடம் மாறிக்கொள்ளலாம். ஆகவே இரண்டாவது பிட்சரை ரைட் ஃபீல்டில், அதாவது களத்தின் வலது வெளிப்பகுதியில், நிறுத்துங்கள், ஏழாவது இன்னிங்ஸில் முதல் ஆள் தடுமாறினால் இருவரும் இடம் மாறட்டும்.

அட்டவணையை நடுவில் மாற்ற உங்கள் லீக் சம்மதிக்காது, சீசன் முடிந்து வாக்கெடுப்பு வைப்போம் என்பார்கள், இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதுவரை நீங்களாகச் செய்யக்கூடியது இதுதான்: ஐந்து பிட்சர்களை முறைவைத்துத் தானாக இறக்கும் வசதியை அணைத்துவிட்டு, நாட்காட்டியில் ஞாயிறு தோறும் இரண்டாவது ஆளின் பெயரைக் கையாலேயே எழுதுங்கள். ஜூலை 4 அன்று காலையும் மாலையும் இரண்டு ஆட்டம் இருக்கும், இரண்டிலும் ஒரே ஆளை இறக்காதீர்கள்.