முதல் ஸ்பீக்கரை வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: கடையில் கேட்டுப் பிடித்த ஸ்பீக்கர் ஜோடிக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் சொல்கிறார்கள். வூஃபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர் பலகை எல்லாம் இணையத்தில் தனித்தனியாக மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கிப் பெட்டியில் பொருத்தினால் பாதி விலையில் முடிந்துவிடாதா? இதில் எனக்கு அனுபவம் இல்லை. (சிங்கப்பூர், ஈசூன் வாசகர்)

பதில்: ஸ்பீக்கரை நீங்களே செய்யலாம். ஆனால் உதிரிகளை உங்கள் விருப்பப்படி சேர்த்து வாங்காதீர்கள். முதல் முறை செய்பவர்களின் பணம் வீணாவது பெரும்பாலும் அந்த மலிவான கிராஸ்ஓவர் பலகையில்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். இரண்டு டிரைவர் (மின்சாரத்தை ஒலியாக்கும் உறுப்பு) கொண்ட ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி வூஃபருக்கும் உயர்ந்த ஒலி ட்வீட்டருக்கும் பிரிந்து போக வேண்டும். அப்படிப் பிரித்து அனுப்புவதுதான் கிராஸ்ஓவர். இரண்டும் கைமாற்றிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லையை ஒட்டிய பகுதி அது. கடையில் கிடைக்கும் பொதுவான பலகை, டிரைவரின் மின்தடுப்பு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) எப்போதும் 8 ஓம் என்று எடுத்துக்கொண்டு செய்யப்பட்டது. உண்மையில் அது ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் பலகையில் எழுதியிருக்கும் கைமாற்றும் அதிர்வெண்ணும் உங்கள் ஸ்பீக்கரில் நடப்பதும் ஒன்றாக இருக்காது. பாடகரின் குரல் மூக்கடைத்ததுபோல் கேட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எனவே ஒருவர் அளந்து, திருத்தி, பலர் செய்து பார்த்த வடிவமைப்பையே வாங்குங்கள். அமெரிக்காவின் பார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் விற்கும் ‘சி-நோட்’ கிட் தொடக்கக்காரருக்கு ஏற்றது. 5 அங்குல வூஃபர், 1 அங்குல ட்வீட்டர், கிராஸ்ஓவர் உறுப்புகள், பெட்டிக்கு வெட்டிய மரப்பலகைகள் எல்லாம் சேர்ந்தே வரும். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தானே எழுப்பும் 3 அல்லது 4 அங்குல முழுவீச்சு டிரைவர் ஒன்றை மட்டும் வைத்துச் செய்யலாம். அதற்குக் கிராஸ்ஓவரே கட்டாயமில்லை. தவிலின் அடி நெஞ்சில் இறங்காதுதான். வாய்ப்பாட்டும் வீணையும் மிகத் தெளிவாக வரும். சிறிய அறைக்கு எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

பாதி விலைக் கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் (மின்னளவு பார்க்கும் கருவி), கிளாம்ப், பசை, அனுப்பும் கட்டணம், வரி, ஆம்ப்ளிஃபயர் இல்லையென்றால் அதுவும் என்று செலவு சேரும். கருவிகள் கையில் இருப்பதால் இரண்டாவது ஜோடியில் மிச்சம் தெரியும். முதல் ஜோடியைச் செய்யும் ஆசைக்காகச் செய்யுங்கள்.

கேள்வி: நான்கறை வீவக அடுக்குமாடி வீட்டில் மரம் அறுக்க இடமில்லை. எந்தப் பலகை வாங்குவது? பெட்டியின் அளவை மாற்றலாமா? (ஜூரோங் வாசகர்)

பதில்: 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) போதும். வீணையின் குடம் தந்தியோடு சேர்ந்து பாட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியோ வாயே திறக்கக் கூடாது. கனமான, அதிராத, மலிவான பலகைதான் அதற்கு வேண்டும், தேக்கு வேண்டாம். அளவு கொடுத்தால் வெட்டித் தரும் பலகைக் கடையில் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எம்.டி.எஃப். தூள் மிக நுண்ணியது, பிசினும் கலந்தது. மூடிய அறையில் அறுப்பதும் தேய்ப்பதும் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு தேய்த்தாலும் அறையில் குழந்தைகள் இருக்கக் கூடாது.

நம் ஊர் ஈரப்பதத்தில் வெட்டிய விளிம்பு நீரை உறிஞ்சி உப்பும். விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு பிரைமர் (அடிவண்ணம்) கூடுதலாக அடியுங்கள்.

அளவு பற்றி: உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு மாறக் கூடாது. முன்பலகையின் அகலத்தையும் டிரைவர்கள் இருக்கும் இடத்தையும் தொடாதீர்கள், கிராஸ்ஓவர் அதையும் கணக்கில் எடுத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கும். அலமாரியில் அடங்கவில்லையென்றால், முன்பலகையின் அகலத்தை அப்படியே விட்டு, ஆழத்தைக் குறைத்து உயரத்தைக் கீழ்ப்பக்கமாகக் கூட்டி, உட்கொள்ளளவு சரியாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேறு கிட் தேடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி எவ்வளவு? ஒரு டிரைவர் வேலை செய்யாவிட்டால் யாரிடம் கேட்பது? (சிராங்கூன் வாசகர்)

பதில்: பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 2023 ஜனவரி முதல், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் இங்கு பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் பணம் கட்டும்போதே அதை வசூலிக்கிறார்கள். 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கு வந்து சேரும்போது கட்ட வேண்டும். அப்போது அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு வரி. ஸ்பீக்கர் கனமான பொருள் என்பதால் இது சிறு தொகையாக இருக்காது. பலகையை இங்கே வாங்கி, டிரைவரையும் கிராஸ்ஓவரையும் மட்டும் வரவழைப்பது நல்லது.

இங்குள்ள கடையில் வாங்கினால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டம் உங்களுக்குத் துணை. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’; அதற்கு மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் அங்கு கொண்டுபோகலாம். வெளிநாட்டுக் கடைக்காரரை அங்கு இழுப்பது மிகக் கடினம். ‘கரோசல்’ இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் லெமன் சட்டம் பொருந்தாது.

நீங்கள் சால்டர் செய்தபின் வரும் பழுதுக்கு விற்றவர் பொறுப்பில்லை என்று வாதிடுவார். ஆகவே பெட்டியைப் பிரித்த அன்றே ஒவ்வொரு டிரைவரையும் மல்டிமீட்டரில் பாருங்கள். 8 ஓம் டிரைவர் 6 அல்லது 7 ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. வூஃபர் கூம்பை இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசும் ஓசை கேட்டால் அப்படியே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: பழைய பெரிய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய டிரைவர்கள் மலிவாக வருகின்றன. வாங்கலாமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா நுரையா என்று கேளுங்கள். நுரை வளையம் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் விரலில் உதிரும். ரப்பர் என்றால் பார்க்கலாம். நுரை என்றால் முதல் முறை செய்பவருக்கு வேண்டாம்.

கேள்வி: கிட் வாங்கிச் செய்துவிட்டேன். பாடுகிறது, ஆனால் பாஸ் இல்லை. டிரைவர் போலியா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: அவசரப்பட்டுப் புகார் எழுதாதீர்கள். ஒலி 96.8-இல் செய்தி வாசிக்கும்போது இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவே உட்கார்ந்து கேளுங்கள். குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறினால் ஒரு பக்கம் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறியிருக்கும். அப்போது ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போய் பாஸை அழித்துவிடும். ஒரு ஸ்பீக்கரின் பின்புறக் கம்பிகளை மட்டும் மாற்றிப் பாருங்கள். சரியானால், பெட்டிக்குள்ளும் வூஃபர் கம்பியின் பக்கம் சரிதானா என்று வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கம்பிகளில் குறையில்லாமலும் பாஸ் வராவிட்டால் வூஃபரின் விளிம்பைச் சுற்றிக் காற்று கசிகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். கசிந்தால் நுரை நாடா ஒட்டித் திருகுகளை எதிரெதிராக இறுக்குங்கள்.