வாசகர் கேள்வி நேரம்: பயிற்றுப்பணிக்குப் போகும் இளம் ஆசிரியர்களுக்கு

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் நடத்துகிறேன். ஒரு மணி நேரப் பாடம். எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் மதிப்பீட்டுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வரும் நாளிலும் இதே கதிதான்.
*– பயிற்சி ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்*

பதில்: நாள் பாடத்திட்டத்தில் 60 நிமிடம் இருந்தாலும் கையில் கிடைப்பது ஏறக்குறைய 50 நிமிடம்தான். பிள்ளைகள் வணக்கம் சொல்லி, முந்தைய பாடத்தின் புத்தகத்தை உள்ளே வைத்து, தமிழ் நோட்டைத் தேடி எடுப்பதற்குள் சில நிமிடங்கள் போய்விடும். தாள் கொடுப்பது, வாங்குவது, இடம் மாறுவது என்று இன்னும் சில நிமிடங்கள் கரையும். எனவே பீடிகைக்கு (பாடத்துக்குள் அழைத்துச் செல்லும் தொடக்கத்துக்கு) 5, முதல் நடவடிக்கைக்கு 15, இரண்டாவதற்கு 15, மதிப்பீட்டுக்கு 10, முடிவுக்கு 5 என 50 நிமிடத்துக்கான வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள 10 நிமிடத்தை ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எழுதுங்கள்.

ஆனால் பெரும்பாலும் கோளாறு நேரத்தில் இல்லை, நோக்கத்தில்தான் இருக்கிறது. ‘மாணவர்கள் லகர, ளகர, ழகரச் சொற்களைச் சரியாக எழுதுவர்’ என்ற நோக்கம் ஒரு வாரத்துக்கு உரியது. ‘ழகரச் சொற்கள் 6இல் 5ஐயாவது சொல்வதெழுதலில் பிழையின்றி எழுதுவர்’ என்றால் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். முதலில் அந்த 6 சொற்களையும் மதிப்பீட்டையும் எழுதுங்கள். அதன் பிறகு நடவடிக்கைகளை யோசியுங்கள். அந்த 6 சொற்களுக்கு உதவாத விளையாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்றைக்கு வேண்டாம்.

பயிற்சித் தாளைக் கொடுத்துவிட்டு விளக்கத் தொடங்குவதும் நேரத்தைத் தின்னும். தாள் கைக்கு வந்ததும் எட்டு வயதுப் பிள்ளையின் கண் படத்துக்குப் போய்விடும். நீங்கள் சொல்வது காதில் விழாது, பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய்த் திரும்பச் சொல்ல வேண்டிவரும். முதலில் சொல்லுங்கள், ஒரு மாணவரை எழுப்பித் திரும்பச் சொல்ல வையுங்கள், அதன் பிறகே தாளைக் கொடுங்கள். தாளை நோட்டில் ஒட்ட வேண்டுமானால் நோட்டின் பக்கத்தைவிடச் சற்றுச் சிறியதாக வீட்டிலேயே வெட்டி எடுத்து வாருங்கள். வகுப்பில் கத்தரிக்கோலும் பசையும் வெளியே வந்தால் 10 நிமிடம் எங்கே போனது என்றே தெரியாது.

ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரே மணிலா அட்டையைக் கொடுத்தால் இருவர் எழுதுவார்கள், நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். சத்தம் அங்கேதான் தொடங்கும். இருவர் இருவராகப் பிரித்து, அரைத்தாள் ஒன்றைக் கொடுங்கள்.

35ஆவது நிமிடம் வரையிலும் இரண்டாவது நடவடிக்கை தொடங்கவில்லையா? அதை விட்டுவிடுங்கள். பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்றவில்லையே என்ற பயம் வேண்டாம். மதிப்பீடு நடக்காத பாடத்தில் யார் கற்றார், யார் கற்கவில்லை என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வி: மாணவர்கள் ‘மழை’யை ‘மலை’ என்றும் ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்றும் எழுதுகிறார்கள். பத்து முறை எழுத வைத்தும் மாறவில்லை.
*– பயிற்சி ஆசிரியர், பட்டர்வொர்த்*

பதில்: காது பிரித்துக் கேட்காததைக் கை பிரித்து எழுதாது. வீட்டுப் பேச்சில் ல, ள, ழ மூன்றும் ஏறக்குறைய ஒரே ஒலியாகிவிடுவதால் முதலில் வாயைப் பழக்க வேண்டும். லகரத்துக்கு நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அதே வளைவுதான், ஆனால் நா எங்கும் முட்டாது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தங்கள் வாயிலேயே உணர 5 நிமிடம் போதும்.

மூன்றையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள். லகரத்தையும் ளகரத்தையும் முதலில் எடுங்கள். புலி–புளி, பல்லி–பள்ளி போன்ற இணைகளைப் படத்தோடு காட்டி, நீங்கள் சொல்ல அவர்கள் படத்தைத் தொடட்டும். எழுதுவது அதற்குப் பிறகு. ழகரத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விதிகள் பாதி ஊகத்தைக் குறைக்கும். தமிழ்ச் சொல் எதுவும் ளகரத்திலோ ழகரத்திலோ தொடங்காது, எனவே இம்மூன்றில் ஒன்று சொல்லின் முதலில் வந்தால் (பெரும்பாலும் பிறமொழிச் சொற்களில்) அது லகரம்தான். ழகரம் இரட்டிக்காது, எனவே அழுத்தி ஒலித்தால் ‘ல்ல’ அல்லது ‘ள்ள’ மட்டுமே.

சொல்வதெழுதலைத் தனிச் சொல்லாகக் கொடுக்காமல் வாக்கியமாகக் கொடுங்கள். ‘தண்ணீர்மலையில் மழை பெய்தது.’ தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறிய பினாங்குப் பிள்ளைக்குப் பொருள் உடனே பிடிபடும். கோலாலம்பூர் என்றால் பத்துமலை இருக்கிறது. தவறாக எழுதியதைப் பத்து முறை எழுதச் சொல்வதை நிறுத்துங்கள். மூன்றாவது வரிக்குப் பிறகு பிள்ளை மேலே உள்ள வரியைப் பார்த்து வரைகிறது, சொல்லை யோசிப்பதில்லை.

கேள்வி: என் மகளின் வகுப்பைப் பயிற்சி ஆசிரியை எடுத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை பின்தங்கிவிடுவாளோ?
*– ஒரு தாயார், ஆயர் ஈத்தாம்*

பதில்: கவலை வேண்டாம், அம்மா. வழக்கமான ஆசிரியர் வழிகாட்டி ஆசிரியராக உடனிருக்கிறார், பாடத்திட்டத்தையும் பார்வையிடுகிறார். நோட்டு திருத்தப்பட்டு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் நேரில் கேளுங்கள். இளம் ஆசிரியரைப் பற்றிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதுவது யாருக்கும் உதவாது.

கேள்வி: பாடம் முடிந்ததும் அதைத் திரும்பிப் பார்த்து எழுதும் என் சிந்தனை மீட்சியை விரிவுரையாளர் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்புகிறார். ‘28 மாணவர்களில் 25 பேர் நோக்கத்தை அடைந்தனர். மற்ற மூவருக்கும் குறைநீக்கல் வழங்கப்படும்’ என்று எழுதுவதில் என்ன தவறு?
*– பயிற்சி ஆசிரியை, ஜெலுகோர்*

பதில்: அதை எந்த நாளின் கீழும், எந்தப் பாடத்தின் கீழும் எழுதலாம். தவறு அதுதான். மூவரும் எந்த இடத்தில் தடுக்கினார்கள், ஏன், நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பது அதில் இல்லை. பாடம் முடிந்ததும், அடுத்த வகுப்புக்குப் போகும் முன், அந்த மூவரின் நோட்டையும் திறந்து பிழையை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் மறுபடியும் எண்ணிக்கை மட்டுமே வரும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மூவர் நெடிலைக் குறிலாகவும் குறிலை நெடிலாகவும் எழுதினர் (பாடம் – படம், கடல் – காடல் என இரு பக்கமும் மாறியது). துணைக்காலுக்குரிய ஒலி நீளத்தை நான் வாயால் மட்டும் சொன்னேன். மற்றவர்கள் பிடித்துக்கொண்டனர், இவர்களுக்கு அது போதவில்லை. நாளைப் பீடிகையில் குறிலுக்கு ஒரு கைதட்டு, நெடிலுக்கு இரண்டு என ஒலிக்கச் செய்து, 4 சொற்களை இவர்கள் மூவரிடமும் தனியே கேட்பேன்.’

எழுதியதை மறுநாள் பாடத்திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். விரிவுரையாளர் கோப்பைப் புரட்டும்போது முதலில் தேடுவது இந்தத் தொடர்ச்சியைத்தான்.