ஏழாவது ஆள் யார்?
வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஊர்ப் பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம், கைத்தொழில் ஆகியவற்றுக்காகச் சிறிய அளவில் தொண்டு செய்ய முனைவோரின் ஐயங்களாகவே இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு எங்கள் மீனவக் குடியிருப்புக்கு எத்தனையோ அமைப்புகள் வந்து போயின. இப்போது உள்ளூர் இளைஞர்கள் நாங்கள் ஆறு பேர் இரண்டு ஆண்டுகளாக மாலைநேர வகுப்பு நடத்துகிறோம். நன்கொடை தருவோர் ரசீது கேட்கிறார்கள். சங்கமாகப் பதிவு செய்வதா, அறக்கட்டளையாகவா? பிரான்சில் இருக்கும் என் மாமாவும் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார்.
– ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: சங்கம் என்றால் உங்களுக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 குறைந்தது ஏழு பேரைக் கேட்கிறது. மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்தபின் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்துவர வேண்டும். அறக்கட்டளைக்கு இத்தனை பேர் தேவையில்லை. ஆவணம் ஒன்றை எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் வேலை முடிந்தது. அதனாலேயே பலர் அந்த வழியில் போகிறார்கள். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்குச் சங்கமே பொருந்தும் என்பது என் கருத்து. அறக்கட்டளையில் அறங்காவலர்களுக்குள் மனக்கசப்பு வந்தால் வகுப்பே நின்றுபோவதுண்டு. சங்கத்திலோ கணக்குக் கேட்கவும் தலைவரை மாற்றவும் உறுப்பினர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த ஏழாவது ஆளாக இன்னொரு பட்டதாரி நண்பரைச் சேர்க்க வேண்டாம். வகுப்புக்கு வரும் பிள்ளை ஒன்றின் தாயைச் சேருங்கள். நாள்தோறும் மீன் ஏலத்தில் கணக்குப் பார்க்கும் பெண்ணைவிட நல்ல பொருளாளர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

ரசீது கொடுப்பது வேறு, வரிச்சலுகை தருவது வேறு என்பதையும் நன்கொடையாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகைக்கு வருமான வரித்துறையின் தனி ஒப்புதல் வேண்டும். அது கிடைத்த பிறகும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்குச் சலுகை கிடையாது.

உங்கள் மாமாவின் பணம்தான் நுணுக்கமான விஷயம். அவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவராக இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், சட்டம் அதை வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதுவதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவராக இருந்தால் நிலைமை தலைகீழ். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் கணிசமாக உண்டு என்பதால், இந்தக் கேள்வியை நீங்கள் அவரிடம் கூசாமல் கேட்டுவிட வேண்டும். ரத்த உறவு, பிறந்த ஊர் எதுவும் இங்கே செல்லாது. அவர் விடுமுறைக்கு வந்து உங்கள் கையில் ரூபாய்த் தாளாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதைப் பெற 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். பொதுவாக அதற்கு அமைப்பு மூன்றாண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். திண்ணை வகுப்புக்கு இது எட்டாத உயரம். மாமாவிடம் இப்போதைக்குப் பணத்துக்குப் பதில் நேரத்தைக் கேளுங்கள்; வாரம் ஒரு மணி நேரம் காணொளி அழைப்பில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித்தரட்டும்.

கேள்வி: காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெண்பிள்ளைகள் அடிக்கடி மயங்கி விழுவதாக எங்கள் ஊர்ப் பள்ளியில் சொல்கிறார்கள். எங்கள் மகளிர் குழு பெரிய அளவில் மருத்துவ முகாம் ஒன்று நடத்தலாமா?
– ஒரு வாசகி, பாகூர், புதுச்சேரி

பதில்: வேண்டாம். பந்தலுக்கும் பதாகைக்கும் ஆகும் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேறு வேலை இருக்கிறது.

காலையில் மயங்கும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, சாப்பிட்டு வந்தாளா என்பது. வெறும் வயிறும் வெயிலும் போதும், நல்ல உடம்பும் தள்ளாடும். அதற்கு அடியில் இரத்தசோகையும் இருக்கலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்த வயதில் ஹீமோகுளோபின் அளவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை, 8-க்குக் குறைந்தால் கடுமையான சோகை. இதற்கென்றே 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு வாரம் ஒன்று வீதம் நீலநிற மாத்திரை அரசு தருகிறது. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க அல்பெண்டசோலும் தரப்படுகிறது.

மாத்திரை பள்ளிக்கு வந்துவிடுகிறது. பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போய்ச் சேருவதில்லை. வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டியவள் அடுத்த வாரம் அதைச் சன்னலுக்கு வெளியே எறிகிறாள்; மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்துபோன தாய் வேண்டாம் என்கிறாள். கறுப்பாகப் போவது இயல்பு என்று அந்தத் தாயிடம் சொல்ல எந்த முகாமுக்கு வந்த மருத்துவருக்கும் நேரம் இருந்ததில்லை. உங்கள் குழுவுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது. தலைமையாசிரியரின் இசைவோடு, வாரத்தில் ஒரே கிழமையில், மதிய உணவுக்குப் பிறகு பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து விழுங்கட்டும். உடன் நீங்கள் இருவர் இருங்கள். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர் வேண்டாம். அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். மிச்சம் பிடித்த பந்தல் காசில் கொய்யா வாங்கலாம்.

மூச்சு வாங்கும் பிள்ளை, மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமுள்ள பிள்ளை ஆகியோருக்கு வார மாத்திரை போதாது. அவர்களை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு நீங்களே அழைத்துப்போங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மீண்டும் எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றும் நீங்களே அழைத்துப்போக வேண்டும்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் தவறிவிட்டு, பலாமரம் ஏறவும் முந்திரித்தோப்பு வேலைக்கும் போகும் பையன்களுக்காகக் கணினிப் பயிற்சி மையம் தொடங்க நினைக்கிறோம். சரிதானா?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: பழைய கணினி நான்கை வாங்கிப்போட்டு மூன்று மாதச் சான்றிதழ் தருவதில் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அந்தச் சான்றிதழை நெய்வேலியிலோ கடலூர் சிப்காட்டிலோ நீட்டினால் யாரும் வாங்கிப் பார்க்கமாட்டார்கள். எட்டாம் வகுப்பில் தேறியிருந்தாலே அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேரலாம் என்பது உங்கள் ஊரில் எத்தனை தகப்பன்மாருக்குத் தெரியும் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிள், சீருடை, பேருந்து அட்டை ஆகியவையும் உண்டு. கிடைக்கும் சான்றிதழ் நாடெங்கும் செல்லும்.

பத்தாம் வகுப்பையும் விட்டுவிட வேண்டியதில்லை. முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடக்கிறது. ஒரு பாடத்தில் மட்டும் தவறிய பையனுக்கு அந்தச் சில வாரங்களும் பொன்னானவை. அந்த நாட்களில் கணக்கு வாத்தியார் ஒருவரை மாலையில் உட்காரவைப்பது நான்கு கணினிகளைவிட மேல். ஆனால் பண்ருட்டியில் அது பலாச் சீசனும்கூட. கூலி கையில் வரும் நேரத்தில் பையன் புத்தகத்தை எடுக்கமாட்டான் என்பதால், வீட்டாரிடம் பேச வேண்டிய காலம் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கேள்வி: எங்கள் வகுப்புக்கு எல்லையின் இருபுறத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளையைப் புதுச்சேரிப் பள்ளிக்கு மாற்றலாமா என்று ஒரு தாய் கேட்டார். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, கன்னியக்கோவில்

பதில்: அந்தத் தாய்க்குப் பேருந்து நிறுத்தம் ஒன்று தள்ளிப்போவதாகத்தான் தோன்றும், பிள்ளைக்கோ பாடத்திட்டமே மாறிவிடும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2024–25 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு வந்துவிட்டன, கடலூர்ப் பக்கம் சமச்சீர்க் கல்வி. எட்டாம் வகுப்புவரை ஒன்றில் படித்துவிட்டு ஒன்பதில் மற்றதில் நுழையும் பிள்ளைக்கு அறிவியலும் கணக்கும் தடுமாறும்.

பணக்கணக்கும் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டுவரை அந்த மாநிலத்தின் அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கு உரியவை. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கும் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்திருக்க வேண்டும். புதுச்சேரியும் தன் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்குகிறது. ஆனால் நடுவழியில் எல்லை தாண்டிய பிள்ளை இரண்டு பக்கமும் உரிமை கோர முடியாமல் நிற்கக்கூடும். ஆகவே மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டிய குடும்பக் காரணம் இருந்தால், ஆறாம் வகுப்புக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: நோட்டுப் புத்தகம் வாங்கும் பிள்ளைகளின் படத்தை அனுப்பினால்தான் அடுத்த தவணை தருவேன் என்கிறார் எங்கள் புரவலர். என்ன செய்வது?
– ஒரு வாசகர், முதுநகர், கடலூர்

பதில்: மறுத்துவிடுங்கள். வாங்கும் கையைப் படம் பிடித்தால், அந்தப் பிள்ளை பத்து ஆண்டுகள் கழித்து வேலைக்குப் போகும்போதும் அந்தப் படம் யாருடைய கைப்பேசியிலாவது இருக்கும். புரவலருக்குக் கணக்கு வேண்டும் என்பது நியாயம்தான். கடை ரசீதையும், பெயர்களை மறைத்த வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தையும் அனுப்புங்கள். முதல் வாரத்தில் 18 பேர் வந்த வகுப்புக்கு மழைக்காலத்திலும் 15 பேர் வந்திருந்தால், அந்தப் பக்கத்தைப் பார்த்தே பணம் அனுப்புகிற இன்னொருவரைத் தேடிக்கொள்ளலாம்.