ஹெட்லாக் போட்டபடி ஒரு கதை

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஓய்வு பெற்ற ரெஸ்லிங் வீரர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து தன் கதைகளைச் சொன்ன நிகழ்ச்சிக்குப் போய் வந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். யோசித்து யோசித்து எழுதுகிற பதில்களுக்கு இத்தனை கடிதம் வந்ததில்லை. அதனால் இந்த முறை அந்த ஒரு மாலை பற்றிய கேள்விகள் மட்டும்தான். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்களா? ரெஸ்லிங்கா? நம்ப முடியவில்லையே!

எனக்கும்தான். டிக்கெட் என் அண்ணன் மகன் வாங்கியது. கூட வர வேண்டிய நண்பனுக்குக் காய்ச்சல். “அத்தை, நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க, போதும்” என்றான். கைப்பையில் ஒரு நாவலை வைத்துக்கொண்டு போனேன். போனபடியே அது திரும்பி வந்தது.

அந்த வீரர் யார்? பெயரைச் சொல்லாமல் மழுப்பியது ஏன்?

பேசும்போது யாரும் படம் பிடிக்க வேண்டாம், கதையை வெளியே சொன்னாலும் என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டார். சரி என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். இருபது வருடம் வில்லனாக இருந்தவர் என்பது வரை சொல்லலாம். “நான் சாம்பியன் ஆனதில்லை. ஆனால் சாம்பியன் ஆனவர்கள் எல்லாரும் என்னிடம் அடிபடாமல் ஆனதில்லை” என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம். அதை ஆடியவரிடம் கேட்பதற்கு என்ன கதை இருக்கப்போகிறது?

இதே கேள்வியோடுதான் நானும் உட்கார்ந்தேன். மேடையில் ஒரு சின்ன மேசை, ஒரு தம்ளர் தண்ணீர், சுவரில் சாய்த்து வைத்த இரும்பு மடக்கு நாற்காலி. மூன்று படி ஏற அவருக்கு அத்தனை நேரம் ஆனது. இரண்டு பக்கமும் இடுப்பு மூட்டை மாற்றியிருக்கிறார்களாம். நாற்காலியை மெதுவாக விரித்து, தட்டிப் பார்த்து, உட்கார்ந்தார். அரங்கமே சிரித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அதை எடுத்து முதுகுல அடிச்சுத்தான் பார்த்திருக்கோம் அத்தை, உட்கார்ந்து பார்த்ததில்ல” என்றான் பையன்.

அப்புறம் அவர் ‘கேஃபேப்’ பற்றிப் பேசினார். அந்தத் தொழிலின் பழைய குழூஉக்குறி அது. ரிங்குக்குள் நடப்பது எல்லாம் நிஜம் என்ற பாவனையை ரிங்குக்கு வெளியேயும் விடாமல் காப்பாற்றுவது. நல்லவனும் வில்லனும் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே ஹோட்டலில் சாப்பிடக் கூடாது. இவருடைய மிக நெருங்கிய நண்பர்தான் ரிங்கில் இவருக்குப் பரம எதிரி. ஒரே விடுதியில் தங்கினாலும் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போவார்களாம். அந்த நண்பரின் கல்யாணத்துக்குப் புது உடுப்பு போட்டுக்கொண்டு போயிருக்கிறார். மண்டப வாசலில் ரசிகர்கள் கூட்டம். காரை விட்டு இறங்காமல், உள்ளே வாத்திய சத்தம் கேட்கும் வரை இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

இதைச் சொல்லிவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. தண்ணீரை எடுத்தார், குடிக்கவில்லை, கீழே வைத்தார். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. மௌனம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அந்த மனிதருக்கு அளவு தெரிந்திருந்தது. தாங்காமல் போகும் நொடிக்குச் சற்று முன்னால், “பரிசை மட்டும் தபாலில் அனுப்பினேன். அனுப்புநர் பெயர் போடவில்லை” என்றார். சிரித்து முடிப்பதற்குள் பலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள். பட்டியலில் என்னையும் சேர்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். 1975 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில், வில்மிங்டன் அருகே ரெஸ்லிங் வீரர்களை ஏற்றி வந்த சிறிய விமானம் விழுந்தது. ஜானி வாலண்டைன் என்பவரின் ரெஸ்லிங் வாழ்க்கை அதோடு முடிந்தது. பின்னாளில் பெரும் பெயர் எடுத்த ரிக் ஃபிளேருக்கு முதுகெலும்பு முறிந்தது. அதே விமானத்தில் டிம் வுட்ஸ் என்ற ‘நல்லவர்’ இருந்தார். வில்லன்களோடு ஒரே விமானத்தில் அவருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அடிபட்டுக் கிடந்த நிலையிலும் ஆஸ்பத்திரியில் ரிங் பெயரை மறைத்துத் தன் சொந்தப் பெயரைக் கொடுத்து, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் என்று சொல்லிக்கொண்டார். இரண்டே வாரத்தில் அந்தக் காயத்தோடு ரிங்கிலும் ஏறினார், சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று. ஜெயிப்பவர் யார் என்பது பேசி வைத்ததுதான். அதைக் காப்பாற்ற இவர்கள் கொடுத்தது எதுவும் பேசி வைத்ததாகத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது ஒரு கணக்கு. 1987இல் நியூஜெர்சியில் ஜிம் டக்கன், அயர்ன் ஷேக் என்ற இரு ‘எதிரிகள்’ ஒரே காரில் போகும்போது போலீசிடம் மாட்டினார்கள். காரில் போதைப்பொருள் இருந்தது. அதைவிட ரசிகர்களை உலுக்கியது, இருவரும் ஒன்றாகப் போனார்கள் என்பது. அடுத்த இரண்டு வருடத்தில், 1989இல், அதே மாநிலத்தின் செனட்டில், இன்று டபிள்யூடபிள்யூஇ என்று அழைக்கப்படும் டபிள்யூடபிள்யூஎஃப் என்ற ரெஸ்லிங் நிறுவனமே தாங்கள் நடத்துவது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு என்றால் ஆணையத்தின் கட்டுப்பாடு உண்டு, வரி உண்டு. கேளிக்கை என்றால் அந்தத் தொல்லை இல்லை. காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்துக்கொண்டேன்.

அடியாவது நிஜமா?

விழுவது நிஜம். ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், கடைசியாக இழுத்துக் கட்டிய கித்தான். மெத்தை என்று நினைத்திருந்தேன். விழுவதை அவர்கள் ‘பம்ப்’ என்கிறார்கள், முதலில் கற்றுக்கொடுப்பதே அதைத்தான். பின்னந்தலை மோதாமல் இருக்க மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படவேண்டும். கைகளை விரித்துத் தரையை அறைய வேண்டும், மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவிப் போகும். குறையுமே தவிர இல்லாமல் போகாது. ஒரு இரவுக்குப் பத்து, வாரத்துக்கு நாலைந்து இரவு என்று வைத்து இருபது வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள் என்றார். அந்த மூன்று படியின் கணக்கு எனக்கு அப்போதுதான் சரியாக வந்தது.

பேசி வைத்தது தவறிப் போவதும் உண்டு. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். மிக் ஃபோலி என்ற வீரரை, அண்டர்டேக்கர் என்ற வேடத்தில் ஆடியவர், ரிங்கைச் சுற்றி வைத்த சுமார் 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து வர்ணனையாளர் மேசை மீது தூக்கி எறிந்தார். அது இருவரும் பேசிச் செய்தது. ஃபோலி திரும்ப மேலே ஏறினார் பாருங்கள், அப்போது கூண்டின் கூரை பிய்த்துக்கொண்டு ரிங்குக்குள் விழுந்தார். அது திட்டத்திலேயே இல்லை. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் இடித்து, உடைந்த பல்லின் துண்டு மூக்குக்குள் போயிருந்தது. அப்புறமும் ஆட்டத்தை முடித்தார். 20 வருடம் கழித்து, 2018இல், அந்த ஒரு இரவை மட்டுமே கதையாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் மேடையில் பேசினார் ஃபோலி. அந்த அண்டர்டேக்கரும் இப்போது இதே வேலைக்கு வந்துவிட்டார். 1990 நவம்பர் 22இல் அந்த வேடத்தில் முதலில் வந்து, சரியாக 30 வருடம் கழித்து அதே நவம்பர் 22இல் விடைபெற்றவர். பாத்திரத்தை விட்டு வெளியே வந்து வாய் திறக்காதவர் என்றே பெயர் வாங்கியவர். 2022 முதல் மேடை போட்டுக் கதை சொல்கிறார்.

பத்து வயதுப் பையனை அழைத்துப் போகலாமா?

வேண்டாம். கெட்ட வார்த்தை பற்றி நான் கவலைப்படவில்லை, அது அவனுக்கு நம்மைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். பாதிக் கதை நண்பர்கள் செத்துப்போனதில் முடிகிறது. வலி மாத்திரையில் ஒருவர், தூக்கத்தில் ஒருவர். இரண்டு மணி நேரம் ஒரே ஆள் உட்கார்ந்து பேசுவதை அவன் தாங்கவும் மாட்டான்.

கேள்வி நேரத்தில் “இதெல்லாம் போலிதானே?” என்று கேட்டுவிடலாமா?

1984 டிசம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜான் ஸ்டாசல் என்ற தொலைக்காட்சி நிருபர் போலி என்றுதான் நினைக்கிறேன் என்றார். டேவிட் ஷல்ட்ஸ் என்ற வீரர் கேமரா முன்னாலேயே இரண்டு தடவை அறைந்து தரையில் விழவைத்தார். இன்றைக்கு அறைய மாட்டார்கள். சலித்துப்போன ஒரு சிரிப்புதான் கிடைக்கும்.

அடுத்த மாதம் நானும் ஒரு நிகழ்ச்சிக்குப் போகிறேன். வேறு எதைக் கேட்கலாம்?

“உங்களுக்குப் பிடித்த ஆட்டம் எது?” என்று கேட்காதீர்கள். முதல் கேள்வியே அதுதான் வந்தது. ஆயிரம் தடவை சொன்ன பதிலை ஆயிரத்தோராவது தடவை சொன்னார். பெரிய நட்சத்திரத்தைப் பற்றி வம்பு கேட்டவருக்கு ஒரு ஜோக் கிடைத்தது, அவ்வளவுதான். பின் வரிசையிலிருந்து ஒரு பெண், “ஆட்டத்தின் நடுவில் அடுத்தது என்ன என்பது மறந்துபோனால்?” என்று கேட்டார். அதற்குத்தான் மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு முறை தலையில் பட்ட அடியில் பேசி வைத்தது மொத்தமும் மறந்துவிட்டதாம். எதிராளி கண்ணைப் பார்த்தே புரிந்துகொண்டு ஹெட்லாக் போட்டிருக்கிறார், அதாவது தலையைக் கைக்குள் இறுக்குகிற பிடி. கழுத்தை நெரிப்பதாக நாம் பதறுகிற அந்த ஒரு நிமிடம், அவர்கள் முகம் மறைந்திருக்கிற ஒரு நிமிடம். அடுத்த மூன்று அடியைக் காதில் சொல்லிவிட்டு விடுவார்கள். அன்று எதிராளி ஏழு நிமிட ஆட்டத்தில் நான்கு ஹெட்லாக் போட்டாராம். மறுநாள் பேப்பரில் ‘ஈவு இரக்கமற்ற நெரிப்பு’ என்று எழுதியிருந்தார்களாம். ஆகவே பெரிய இரவுகளை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள். கார்ப் பயணம், யார் ஓட்டுவது, தோற்றவனுக்கு என்ன சம்பளம். இதற்கெல்லாம் மனப்பாடமான பதில் கிடையாது.

இருக்கை மட்டும் பார்த்து வாங்குங்கள். எங்களுக்கு ஒரு தூணும் அரை மேடையும் கிடைத்தது. மைக் வேறு முதல் அரை மணி நேரம் கீச்சிட்டது. கடைசியில் அவர் அதைக் கீழே வைத்துவிட்டு வெறும் தொண்டையில் பேசினார், அதுதான் நன்றாக இருந்தது.

அந்தக் கல்யாணக் கதை உண்மையாக இருக்குமா? எனக்கு ஏனோ சந்தேகம்.

உங்கள் மூக்கு கூர்மை. அண்ணன் மகன் இதே மனிதரை இதற்கு முன்பும் ஒரு முறை கேட்டிருக்கிறான். அப்போது அது நண்பரின் கல்யாணம் இல்லையாம், நண்பருடைய தங்கையின் கல்யாணமாம். பரிசும் தபாலில் போகவில்லை, ஒரு பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். எங்கே கூட்டம் மூச்சை இழுக்கிறதோ அதை நினைவில் வைத்துக்கொண்டு மறுநாள் அங்கே இன்னும் கொஞ்சம் நிற்பதுதான் அவர் இருபது வருடம் செய்த வேலை. தபால் என்றால் மௌனம் நன்றாக முடிகிறது, அதனால் தபால் ஆகியிருக்கும். காரை விட்டு இறங்காதது மட்டும் இரண்டு தடவையும் மாறவில்லை. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒரு போட்டோவாவது எடுத்துக்கொண்டீர்களா?

எடுத்துக்கொண்டேன். வரிசை வாசல் வரை நீண்டிருந்தது, கட்டுப்படுத்த ஆளில்லை, ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்றோம். வருகிறவர்களுக்கெல்லாம் ஹெட்லாக் போட்டுப் படம் எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். என் வயதைப் பார்த்துத் தயங்கினார். போடுங்கள் என்றேன். அவ்வளவு பெரிய கை கழுத்தைச் சுற்றி இருந்தது, ஒரு துண்டைப் போட்டுக்கொண்ட கனம்கூட இல்லை. படத்தில் நான் மூச்சுத் திணறிச் சாகப்போவது போல இருக்கிறேன்.

அப்போது குனிந்து என் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அண்ணன் மகன் இன்றுவரை நச்சரிக்கிறான். அவனிடமே சொல்லவில்லை.