ஆய்வுக்காகக் கடலுக்குள் இறங்குபவர்கள் ஏன் மெதுவாகவே மேலே வர வேண்டும்?

பவளத்தை எண்ணவோ பாசி மாதிரி எடுக்கவோ ஆய்வாளரே நீருக்குள் இறங்குவதுதான் அறிவியல் முக்குளிப்பு. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் 1950களிலேயே இதற்கு விதி வகுத்துவிட்டது. இன்று அங்குள்ள பல்கலைக்கழகங்களில் பொதுவாக 100 மணிநேரப் பயிற்சியும் 12 முக்குளிப்புகளும் இல்லாமல் அனுமதி கிடைக்காது.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரு மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்துவிடும். சோடாவைப் படாரென்று திறந்தால் பொங்கும், மெல்லத் திறந்தால் அடங்கும் இல்லையா? உடம்பும் அப்படித்தான்: வேகமாக மேலே வந்தால் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பொங்கும். அதனால்தான் நிமிடத்துக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கிறார்கள்.

எனக்குப் பிடித்த விதி வேறு: கூட வருபவர் கட்டைவிரலை மேலே காட்டினால் இருவரும் ஏற வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. நீருக்குள் எழுதும் சிலேட்டில் பாதிக் கணக்கு நிற்கும். ‘இன்னும் நாலு பவளம்தானே’ என்று மனசு கெஞ்சும். ஆனாலும் ஏறத்தான் வேண்டும்.

முதுகிலுள்ள சிலிண்டரில் இருப்பது சுத்த ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான்.