பழைய விண்டோஸுக்கே திரும்புகிறதா? இரண்டாவது எண்ணைப் பாருங்கள்

கேள்வி: விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற மூன்று முறை முயன்றுவிட்டேன். கணினி இரண்டு தடவை ரீஸ்டார்ட் ஆகி, பிறகு பழையதற்கே திரும்பிவிடுகிறது. 1900101, 40017 என்று முடியும் இரண்டு பிழை எண்கள் தெரிகின்றன. ஃபார்மட் செய்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பழையதற்குத் திரும்பியதால்தான் உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. காரணத்தை நீக்காமல் நான்காவது முறை முயன்றாலும் இதேதான் நடக்கும்.

1900101 என்றாலே பெரும்பாலும் டிரைவர் சிக்கல். டிரைவர் என்பது ஒரு கருவியையோ மென்பொருளையோ விண்டோஸோடு இணைக்கும் சிறு நிரல். எந்தக் கட்டத்தில் சிக்கல் என்பதை இரண்டாவது எண்ணில் 0x-க்கு அடுத்து வரும் முதல் இலக்கம் சொல்லும். 3 என்றால் புதிய விண்டோஸ் முதன்முறை எழும்போது, 4 என்றால் இரண்டாவது முறை எழும்போது. உங்களுடையது 4. இந்த இடத்தில் ஆன்டிவைரஸ் அல்லது கோப்புகளைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன் மென்பொருளின் டிரைவரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அவை விண்டோஸின் அடியாழத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பும் திறக்கும்போது குறுக்கே நிற்பவை.

தற்காலிகமாக நிறுத்துவது போதாது, அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதன் பிறகும் டிரைவர் மட்டும் தங்கிவிடுவதுண்டு. என்னிடம் வந்த ஒரு மடிக்கணினியில், எப்போதோ நீக்கிய ஆன்டிவைரஸின் மிச்சம்தான் வழியை மறித்துக்கொண்டிருந்தது. ஆன்டிவைரஸ் நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டியதும் அப்கிரேட் முடிந்துவிட்டது. அதுவரை பாதுகாப்பு இல்லையே என்று பயப்பட வேண்டாம், விண்டோஸின் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்கும்.

பிறகு கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் எதன் மேலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதற்கான டிரைவரைப் புதுப்பியுங்கள். பிரிண்டர், வெளி ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீபோர்டும் மவுஸும் போதும். சி டிரைவில் 25 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். டிஸ்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால், அதைத் திறக்க உதவும் ரெக்கவரி கீயை முன்பே எழுதி வையுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு டிஸ்கில் ஒரு நகல் கட்டாயம்.

இதற்கும் மசியவில்லையென்றால் மைக்ரோசாஃப்டின் செட்அப்டயாக் கருவியை ஓட்டுங்கள். இலவசம்தான். அப்கிரேடின்போது நடந்ததைக் குறித்து வைத்திருக்கும் பதிவுக் கோப்புகளை அலசி, பல சமயம் தடுக்கும் டிரைவரின் பெயரையே காட்டிவிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் உங்கள் அவசரம் புரிகிறது. ஆனாலும் அப்கிரேட் முடிந்த கையோடு ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். ஏதாவது சரியில்லை என்றால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்ப அது வேண்டும்.